பதினோரு கேள்விக்குறி

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஹெலன், தானே எழுதிய வெப் பக்கத்தை முதன்முதலாகத் திறந்து பார்த்தாள். நேரமெல்லாம் சரியாக வந்திருந்தது. 5.10. அதன் பக்கத்தில் ஆரம்பாக்கம் என்று இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அடுத்த ஊருக்கும் கேள்விக்குறி. அதற்கடுத்ததற்கும். முப்பத்தேழு ஸ்டாப்பும் சேர்ந்து அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தன.

கேட்டால் கேட்கட்டும் என்று விடக்கூடிய விஷயமா? தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் அந்தக் கம்பெனியில் ஹெலன் ஒன்பது வருஷம் ஆறாம் நம்பர் மெஷினில் நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். எட்டு மணி நேர ஷிஃப்டில் உட்காருவதற்கு இருபது நிமிஷம். குதிகால் வலிக்கு அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. போன மாதம் டிரான்ஸ்போர்ட் மேஜையிலிருந்த அருணாச்சலம் ரிட்டயர் ஆனதும், "பஸ் லிஸ்ட்ட வெப் பக்கமா செஞ்சி தரேன் சார்" என்று மேனேஜர் பரசுராமனிடம் போய்ச் சொன்னாள். ஆறு மாதமாகக் கம்பெனி பஸ்ஸில் போகையிலும் வருகையிலும் செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தைரியம். தொழிலாளி தன் டோக்கன் நம்பரைப் போட்டால் எந்த பஸ், எந்த ஸ்டாப், எத்தனை மணி என்று பக்கம் சொல்லிவிடும். பரசுராமன் ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு. திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு கேட்டில் உள்ள டிவியில் பக்கம் ஓடவேண்டும். ஓடினால் அந்த நாற்காலி அவளுக்கு. ஓடாவிட்டால் மறுபடி ஆறாம் நம்பர்.

ஹெலனுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை பாதியில் நின்றது, ஏனென்றால் அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள். ஆரம்பாக்கத்துக்குப் பதினோரு கேள்விக்குறி. விரல் விட்டு எண்ணினாள். ஆ, ர, ம், பா, க், க, ம். ஏழு எழுத்துதானே? ஏழு எழுத்துக்கு எதற்குப் பதினோரு கேள்வி? தலைக்கு மேல் வேலை கிடக்கும்போதும் இப்படி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவளால் விடமுடியாது. மெஷினில் அவள் வாங்கிய திட்டில் பாதி அந்தக் குணத்துக்காக வாங்கியது.

மெயின்டனன்ஸ் ஜெரால்டைக் கூப்பிட்டாள். ஜெரால்டு எலக்ட்ரீஷியன்தான், ஆனால் கம்பெனியில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவனுக்குத்தான் ஆள் போகும்.

"எதுல எழுதுன?"

"நோட்பேடுல."

"அதான் பேஜாரு. இந்தக் கம்ப்யூட்டரு ஆதி காலத்துது. இதுல கீற நோட்பேடு, நீ தனியா சொன்னாத்தான் தமிழ ஒழுங்கா சேவ் பண்ணும். எழுதுற எடிட்டர மாத்து."

ஆபீஸில் டிரெய்னியாக இருந்த இளமதி டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் படித்தவர்களிடம் எந்த எடிட்டர் நல்லது என்று கேட்கவே கூடாது. எந்த ஊர் பிரியாணி ஒசத்தி என்று பந்தியில் கேட்ட மாதிரிதான், சாப்பாடு ஆறிப்போகும்.

"அக்கா, காலேஜ்ல நான் வெச்சிருந்தத போட்டுத் தரேன். கலர் கலரா காட்டும். நீ பாதி அடிச்சா மீதிய அதுவே சொல்லும்."

"இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்றான் ஜெரால்டு. "இந்தப் பெட்டி அத்தத் தாங்குமா? எங்கிட்ட பென் டிரைவுல சின்னதா ஒண்ணு கீது, அத்தப் போடு."

இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். ஹெலன் இரண்டு பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறாம் நம்பரில் ஷிஃப்ட் ஆரம்பித்ததும் வெளியே வரும் முதல் பீஸை எடுத்து அளந்து பார்ப்பார்கள். அது தேறினால்தான் மெஷின் ஓடும். எடிட்டரும் மெஷின்தானே? ஒவ்வொன்றிலும் ஆரம்பாக்கம் என்று ஒரே சொல்லை அடித்து, சேவ் செய்து, மூடி, மறுபடி திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

முதலில் நோட்பேட். அடித்தாள், சேவ் செய்தாள், மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெட்டி எழும்பியது, ஓகே கொடுத்தாள்.

"அதுல இன்னா போட்டிருந்துச்சு?" என்றான் ஜெரால்டு.

"எதுல?"

"இப்ப ஒரு பெட்டி வந்துச்சே."

ஹெலன் அதைப் படிக்கவே இல்லை. அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மெஷினின் திரையில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மஞ்சள் பெட்டி வரும். ஓகே அழுத்தாவிட்டால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் சூப்பர்வைசர் வருவார். ஒன்பது வருஷமாகப் பெட்டியைப் பார்த்ததும் விரல்தான் முதலில் போகும், கண் அப்புறம்தான். மறுபடி ஒருமுறை அதே பெட்டியை வரவழைத்து இளமதி படித்துக் காட்டினாள். இப்படியே சேவ் செய்தால் சில எழுத்துகள் அழிந்துபோகும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்டிருந்தது. ஹெலனும் காலையில் மரியாதையாகச் சம்மதித்திருந்தாள்.

அடுத்து இளமதியின் எடிட்டர். அது திறப்பதற்குள் இளமதியின் டீ முடிந்துவிட்டது. கறுப்புத் திரையில் இளமதி மாதிரிக்கு அடித்துக் காட்டிய வரிகள் ஆரஞ்சும் பச்சையுமாக ஜொலித்தன. ஹெலனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. முதல் பீஸும் தேறியது. ஆனால் இரண்டாம் முறை திறந்தபோது கம்ப்யூட்டர் மூச்சுவிட மறந்து அப்படியே நின்றது, மூலையில் இருந்த கடிகாரம்கூட ஓடவில்லை.

கடைசியாக ஜெரால்டினுடையது. கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. முதல் பீஸ் தேறியது. அடியில் வலது மூலையில் குட்டியாக ஏதோ எழுதியிருந்ததை ஹெலன் தொட்டுக் காட்டினாள்.

"இது இன்னா?"

"எழுத்த எந்த மொறையில சேத்து வெக்குதுன்னு காட்டுது. யூடிஎஃப் எட்டுன்னு இருந்தா அதுக்குத் தமிழ் தெரியும். வேற மொறன்னா தமிழ் தெரியாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுடும்."

மெஷினில் சூடு எவ்வளவு என்று காட்டும் மீட்டர் மாதிரி அந்த மூலை ஹெலனுக்குப் பட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்காமலே காட்டுகிறதே, அது போதும். "இதான் எனக்கு" என்றாள். ஜெரால்டு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

சோதனைச் சொல்லை அழிக்க பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டினாள். கடைசி ம் போகவில்லை. அதன் புள்ளி மட்டும் போனது. இன்னொரு தட்டுக்குத்தான் ம போனது. பா வந்ததும் முதலில் கால் போய் ப தனியாக நின்றது. ஒவ்வொரு தட்டாக எண்ணினாள். ஆ போனபோது பதினொன்று.

"புள்ளி தனி, காலு தனி!" என்று அவள் கத்திய கத்தலில் இளமதி டம்ளரைக் கீழே போட்டாள். நமக்கு ம் ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ம ஒன்று, புள்ளி ஒன்று. ஹெலனுக்கு அந்த நிமிஷம் நாற்காலி மறந்துபோனது, குதிகாலும் மறந்துபோனது, அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. காலையில் எழுதிய ஃபைலைப் புது எடிட்டரில் திறந்தாள். நேரம் இருந்தது. ஊர்ப் பெயர்கள் இல்லை. அதே கேள்விக்குறிகள்.

"எடிட்டர் மாத்துனா வந்துடும்னு நெனச்சியா?" ஜெரால்டின் குரல் இறங்கிவிட்டது. "தமிழ் அழிஞ்சி போச்சு ஹெலனு. இப்ப அது நெசமாவே கேள்விக்குறிதான்."

ஸ்டாப் பெயர்களையும் புது நேரங்களையும் டிரைவர்கள் காலையில் வந்து வரிசையாகச் சொல்லச் சொல்ல அவள் நேராகக் கம்ப்யூட்டரில் அடித்திருந்தாள். இப்போது போன் போட்டால் ஒருவரும் எடுக்கவில்லை. ஞாயிறு முழுக்க பஸ்கள் ஆந்திராப் பக்கம் கல்யாண சவாரி. அருணாச்சலம் விட்டுப்போன பழைய தாளில் முப்பத்தேழு பெயரும் இருந்தன, ஆனால் கலைந்து கிடந்தன, நேரமும் இல்லை. ஃபைலில் நேரம் இருக்கிறது, பெயர் இல்லை. தாளில் பெயர் இருக்கிறது, நேரம் இல்லை. இரண்டையும் யார் கட்டிவைப்பது?

கேள்விக்குறிகள்தான் கட்டிவைத்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை நடுவே சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்க, ஹெலன் ஜெபப் புத்தகத்துக்குள் பழைய தாளையும் ஃபைலின் பிரிண்டையும் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். 5.10க்குப் பதினொன்று, அது ஆரம்பாக்கம். பதினாறு இருந்தால் கும்மிடிப்பூண்டி. பன்னிரண்டில் இரண்டு வந்தது, கவரைப்பேட்டை ஒன்று, மாதர்பாக்கம் ஒன்று. ஃபைலில் பஸ் நம்பர் அழியாமல் இருந்தது, இரண்டும் வேறு வேறு ரோடு என்பதால் தப்பித்தாள். எண்ணிக்கை காட்டாததை ரோடு காட்டியது. மத்தியானச் சோற்றுக்குள் முப்பத்தைந்து ஸ்டாப் வந்துவிட்டன. மிச்சம் இரண்டு: டேங்க் ஸ்டாப், ஸ்கூல் ஸ்டாப். இரண்டுமே கவரைப்பேட்டை பஸ், இரண்டுக்குமே ஆறு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, மறுபடி ஆறு. எது 5.25, எது 5.31?

அந்த பஸ்ஸில் வரும் ஹவுஸ்கீப்பிங் பூவம்மாளுக்குப் போன் போட்டாள்.

"ஏக்கா, டேங்க் மொதல்ல வருமா, ஸ்கூல் மொதல்ல வருமா?"

"இன்னாடி கேள்வி இது ஞாயித்துக்கெழம? மொத டேங்கு, அப்பால ஸ்கூலு. டேங்காண்டதான் நான் நின்னுக்கினு இருப்பேன், கொசுக்கடியில."

ஹெலன் அவளுக்கு நன்றி சொன்ன விதத்தைப் பார்த்து, பூவம்மாள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள். சாயங்காலமே ஹெலன் கம்பெனிக்குப் போய் ஜெரால்டின் எடிட்டரில் முப்பத்தேழையும் அடித்து முடித்தாள்.

திங்கட்கிழமை காலை. கேட்டில் டிவி. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராக நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். பூவம்மாளின் நம்பருக்கு "டேங்க் ஸ்டாப் 5.25" என்று தமிழில் வந்ததும், "கொசுவப் பத்தி போடல?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பரசுராமனுக்கும் திருப்திதான். ஆனால் மேனேஜர் கை படாமல் ஒரு வேலை முடிந்துவிடுமா? "மேல நல்வரவுன்னு ஒரு வார்த்த போட்டா களையா இருக்கும்மா" என்று கேட் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவும் பழைய கம்ப்யூட்டர்தான். அடுத்தவர் ஃபைலில் நேராகக் கைவைக்க மாட்டார் அவர், அது ஒரு பழக்கம். எல்லாவற்றையும் காப்பி செய்து, புது நோட்பேடில் ஒட்டி, நல்வரவு அடித்து, அதே பெயரில் சேவ் கொடுத்தார். பழையதை மாற்றவா என்று ஒரு பெட்டி கேட்டது. யெஸ். இன்னொரு பெட்டி எழும்பியது, மஞ்சள் முக்கோணத்தோடு. அவர் விரல் ஓகேவுக்குப் போனது.

"சார்!"

ஹெலன் மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வீட்டில் பென் டிரைவில் இன்னொரு காப்பி பத்திரமாக இருந்தது. அந்த நிமிஷம் அது அவள் ஞாபகத்திலேயே இல்லை. செக்யூரிட்டி எழுந்து நின்றுவிட்டார்.

"கைய விடும்மா. இன்னா ஆச்சு?"

"படிங்க சார். ஓகே குடுக்காதீங்க, அத்தப் படிங்க."

பரசுராமன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். உதடு அசைய ஒரு தடவை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கேன்சல் கொடுத்தார். டிவியில் ஆரம்பாக்கம் ஆரம்பாக்கமாகவே இருந்தது.

"பதினஞ்சு வருஷமா இதுக்கு ஓகே குடுத்துக்கினு இருக்கேன்மா" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. நீயே போடு."

ஹெலன் உட்கார்ந்தாள்.