கை ஊன்றாமல் விழுந்தவன்

அறைக்குள் நாலு பேர். கதவில் முதுகைச் சாய்த்து ஸ்டூலில் குத்துச்சண்டை கோச். மேசையில் அக்கா; பயிற்சிக் கூடத்தில் மணியடித்து நேரம் பார்ப்பதும் குத்துச்சண்டைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவதும் அவள்தான். பெஞ்சில் அவள் தம்பி, பட்டப்பெயர் கட்டெறும்பு, தலையில் ஈரத்துண்டோடு. அவன் பக்கத்தில், பயிற்சியில் அவனை வீழ்த்திய ஒட்டகம், கையுறையைக்கூடக் கழற்றாமல், திருட்டு முழி முழித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஜெயித்தால் கட்டெறும்புக்குக் காவல்துறையில் வேலை. ஆனால் நினைவு தப்பி விழுந்தவன் ஒரு மாதம் மேடை ஏறக் கூடாது என்பது சங்கத்தின் விதி. கோச் எழுதித் தந்த தாளில் 'சறுக்கி விழுந்தார்' என்றிருந்தது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"தரை ஈரம்மா. நீயும்தானே பாத்த?" என்றார் கோச்.

பார்த்தாள்தான். சறுக்குகிறவன் கையை ஊன்றுவான். இவனுக்குத் தாடை நுனியில் பக்கவாட்டில் குத்து விழுந்ததும் தலை வெடுக்கென்று திரும்பியது. அந்தத் திருப்பத்தில் மண்டைக்குள் மூளை குலுங்கிப்போய், கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன. கைகள் விறைத்தபடி நிற்க, சுவரில் சாத்திய பாய் மாதிரி அப்படியே சரிந்தான்.

"அவனையே கேட்டுக்கோ. டேய், இன்னிக்கு என்ன கிழமை? எங்க இருக்கோம்? நான் யாரு?"

"வியாழன். நம்ம கூடம். நீங்க எமன்."

ஒட்டகம் சிரித்துவிட்டான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. யார் விழுந்தாலும் இங்கே இதே மூன்று கேள்விகள்தான். வருகிறவர்கள் எல்லாம் வாசலிலேயே கிழமையைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். அந்த எமன்கூடப் பழைய நகைச்சுவை.

"இன்னிக்கு எதுலடா வந்த?"

"பஸ்லதான். ஏன்?"

அவளுடைய ஸ்கூட்டரில், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் வாய் ஓயாமல் வந்தவன்.

"பதட்டத்துல உளறுறான்மா," என்றார் கோச்.

"இந்த அடி ஆறறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை இன்னொண்ணு விழுந்தா, சார்?"

அவர் கதவில் இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டார்.

"கையெழுத்து போடுக்கா. வேணும்னா உன் கால்ல விழறேன்."

"இன்னிக்கு நீ விழுந்தது போதும்."

வேறு தாளை எடுத்தாள். தாடையில் குத்து, நினைவு தப்பியது, வந்த வழி ஞாபகமில்லை. எழுத எழுதக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கையெழுத்திட்டாள்.

"என் வேலையில மண்ணைப் போட்டுட்டல்ல? இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல!"

அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள்.

கதவு தட்டப்பட்டது. சங்கத்துக்குப் போகும் தபாலை எடுக்க வரும் கூரியர்க்காரர். 'அப்புறம் வாங்க' என்று சொல்லக் கோச் வாயெடுத்தபோது, பெஞ்சிலிருந்து, சற்றுமுன் கத்திய கட்டெறும்பின் குரல் மெல்லக் கேட்டது:

"ஏன்க்கா அழற? யார் என்ன சொன்னாங்க?"

ஒட்டகம் முகத்தைக் கையுறைக்குள் புதைத்துக்கொண்டான். கோச் தம்பியையே பார்த்தார். பிறகு எழுந்து ஸ்டூலை ஓரமாக இழுத்துப் போட்டார்.

அக்கா உறையின் மடிப்பில் பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டி, வெளியே நின்றவர் கையில் கொடுத்தாள்.