மூடுபனி மணி

திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் குச்சி மணிக்கயிற்றைப் பிடித்தபோது அது ஈரத்தில் ஊறி விறைத்துக் கிடந்தது. இரண்டு கையாலும் தொங்கி இழுத்தாள். மேலே மணி மனமில்லாமல் அசைந்து ஒரு தடவை முனகியது. இன்னொரு தடவை இழுத்ததும் முழித்துக்கொண்டு ஊரைக் கூட்டியது. மூன்று விடுதிகளிலும் விளக்கு எரிந்தது. ஜன்னல்களிலிருந்து அவளுக்கு வந்து சேர்ந்த வசவுகளை இங்கே எழுதினால் பள்ளிக்கூடத்தின் மானம் கப்பலேறிவிடும்.

அவளை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டார்கள். உயரம் அப்படி, உடம்பும் அப்படி. அவ்வளவு நீளமாகக் கூப்பிடச் சோம்பேறித்தனப்பட்டு, பதினொன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் வெறும் குச்சியாக்கிவிட்டார்கள். மலைமேல் கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்பதால் அந்தப் பெண்கள் விடுதிப் பள்ளியில் மின்சார மணியை யாரும் நம்புவதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் ஆளுக்கொரு வாரம் கயிற்றை இழுக்க வேண்டும். எழுப்ப, குளிக்க, சாப்பிட, படிக்க, படுக்க என்று ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. மற்றவர்கள் மணி கேட்டு ஓடுவார்கள் என்றால், மணி வாரக்காரி அதற்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே ஓட வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் பாதி ஆறிப்போகும். தலைமுடி ஈரம் காயாமலே ஒரு வாரம் போய்விடும்.

போர்டில் அவள் பெயர் ஏறிய வாரம் பார்த்தா சனிக்கிழமை கணக்கு மறுபரீட்சை வர வேண்டும்? போன தடவை ஐம்பதுக்குப் பதினொன்று. இருபது எடுத்தால்தான் தேர்ச்சி. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் கணக்குப் பிரிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் மலையில் அவளுக்கு வேலையில்லை.

"அடுத்த வாரம் மாத்திக்கோயேன்," என்றார் வார்டன் மிஸ்.

"வேண்டாம் மிஸ். ரெண்டையும் பாத்துக்கறேன்."

"வீம்பு."

"ஆமா மிஸ்."

வீம்புதான். அதற்குக் காரணம் அப்பா. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் திட்டியிருந்தால் கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "முடியலைன்னா வந்துடும்மா. வீட்டுக்குப் பக்கத்துலயே சேத்துக்கலாம். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார். ஒன்றும் சொல்ல மாட்டாராம். உனக்கு இது ஆகாது என்று முடிவு கட்டிவிட்ட பிறகு வருகிற பாசம் அது. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எவ்வளவு அன்பாக ஒரு மனிதர் மகளைத் தோற்கடிக்கிறார் பாருங்கள்!

அந்த வாரத்தை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை இயற்பியல் சோதனைக்கூடம், துணி துவைக்கும் முறை, மாலையில் கூடைப்பந்து. புதன்கிழமை சூத்திரங்களைத் துண்டுச்சீட்டில் எழுதி மணிக்கொட்டகைத் தூணில் ஒட்டிவைத்தாள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சூத்திரம் என்று கணக்கு. வியாழக்கிழமை மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போனது. அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி, பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்து, வெளியே நிற்கவைக்கப்பட்டாள். நின்றுகொண்டே இரண்டு கணக்கை மனசுக்குள் போட்டுப்பார்த்தாள். இரண்டும் சரியாக வந்தன.

சனிக்கிழமை மதியம் பள்ளி காலியாகக் கிடந்தது. பெரிய வகுப்புகள் பந்தயத்துக்காகக் கீழ் ஊருக்குப் போயிருந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துநாலு பேர் இலை சேகரிக்க அறிவியல் மிஸ்ஸோடு மேட்டுக்கு ஏறியிருந்தார்கள். மறுபரீட்சை எழுத ஐந்து பேர். மேற்பார்வைக்குக் கணக்கு சார். அவருக்கு அரைமார்க் என்று பெயர். கொடுப்பதானாலும் பிடுங்குவதானாலும் அரை அரையாகத்தான் செய்வார். விதி என்று ஒன்று இருந்தால் அதைத் தாண்டி இம்மி நகரமாட்டார்.

இரண்டு மணியைக் குச்சிதான் அடித்தாள். அடித்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தாள். நாலு மணியையும் அவள்தான் போய் அடிக்க வேண்டும். தன் பரீட்சையைத் தானே தொடங்கி, தானே முடிக்க வேண்டிய விசித்திரம் மணி வாரக்காரிக்கு மட்டுமே வாய்க்கும்.

இரண்டே முக்காலுக்கு ஜன்னல் வெளுத்துப்போனது. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே இருந்த விடுதிக் கட்டடத்தைக் காணோம். மூடுபனி.

மூடுபனி இறங்கினால் மணி வாரக்காரி கொட்டகைக்குப் போக வேண்டும். மேட்டில் இருப்பவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிவர, நிமிஷத்துக்கு ஒரு அடி அடிக்க வேண்டும். வந்து சேர்கிறவர்கள் கொட்டகையில் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். பலகையில் எல்லா எண்ணும் அடிபட்டபின், தேடப் போனவர்கள் திரும்பிவரும்படி விடாமல் நீள மணி அடிக்க வேண்டும். அதுவரை நேரத்துக்கான எந்த மணியும் கிடையாது. இதெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. வார்டன் மிஸ்ஸும் காவலாளியும் விசிலும் டார்ச்சுமாக மேலே ஓடுவது தெரிந்தது. அறையில் மற்ற நாலு பேரும் தலையைத் தாளுக்குள் புதைத்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, போர்டில் இருந்தது அவள் பெயர்.

"சார், பேப்பரை எடுத்துட்டுப் போகட்டுமா?"

அரைமார்க் யோசித்தார். எங்கே உட்கார்ந்து எழுத வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நாற்காலியை இழுத்து வாசலில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து அறையும் தெரியும், பத்தடி தள்ளிக் கொட்டகையும் தெரியும்.

"என் கண்ணுல படற மாதிரி இரு," என்றார்.

ஒரு அடி. அறுபது வினாடி. ஒரு அடி. முதலில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி கைநழுவிப் போனது. எங்கே விட்டோம் என்று தேடுவதற்குள் அடுத்த நிமிஷம் வந்துவிடும். பத்து அடிக்கப்புறம் அவளுக்குப் பிடிபட்டது. கயிற்றை இழுக்கும்போது அடுத்த வரியை யோசிக்க வேண்டும், விட்டதும் எழுத வேண்டும். விடைத்தாள் பறக்காமல் ஒரு கல்லை வைத்தாள். பிள்ளைகள் இரண்டும் மூன்றுமாகப் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து, "எட்டு!" "இருபத்தொண்ணு!" என்று கத்திவிட்டுச் சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடினார்கள். கடைசியில் ஆறு பேரோடு அறிவியல் மிஸ் வந்தார். பலகையைப் பார்த்தார். பதினேழைத் தவிர எல்லாம் அடிபட்டிருந்தது.

"அவ முன்னாடியே வந்துட்டான்னு நெனச்சேனே," என்றார். வந்த வழியே திரும்பி ஓடினார்.

நாலு மணிக்கு அரைமார்க் வந்து கையை நீட்டினார். கடைசிக் கணக்கு பாக்கி இருந்தது. அதுவரை போட்டதை அவள் கூட்டிப்பார்த்துவிட்டாள். எப்படிக் கூட்டினாலும் பதினெட்டு. கடைசிக் கணக்குக்கு ஐந்து மார்க்.

"மூடுபனிக்கு அடிக்கறப்ப வேற மணி அடிக்கக் கூடாது சார்."

அவர் கேள்வித்தாளைத் திருப்பினார். 'இறுதி மணி அடித்ததும் விடைத்தாளை ஒப்படைக்க வேண்டும்.' இரண்டு தடவை படித்தார். தன் வலையில் தானே மாட்டிக்கொண்ட மனிதரின் முகம் அது.

"மணி அடிக்கலையே. சரி, நீள மணி வரைக்கும் எழுது," என்று நாற்காலிக்குத் திரும்பினார்.

மூன்று புள்ளிகள் வழியாகப் போகும் ஒரு வட்டம். தெரியாத எண்கள் மூன்று. ஒரு அடி. முதல் எண் வந்தது. நாலடி கழித்து இரண்டாவதும் வந்தது. மேட்டிலிருந்து வார்டன் மிஸ்ஸின் குரல், "குட்டிம்மா... குட்டிம்மா..." என்று கம்மலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. ஒரு குழந்தை இன்னும் ஐந்து நிமிஷம் தொலைந்திருக்க வேண்டும். வெட்கம் காதுவரை ஏறியது. அடுத்த அடியை ஓங்கி அடித்தாள். ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மட்டும் அந்தக் குழந்தை சீக்கிரம் வந்துவிடுமா என்ன?

நாலு பதினேழு. கொட்டகையின் பின்பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஒரு சின்ன உருவம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு காலில் ஷூ இல்லை. முழங்காலில் சேறு. மடி நிறைய இலை.

"பதினேழு," என்றது மூச்சு வாங்க.

குச்சி திரும்பிப் பார்த்தாள். உள்ளே யாரோ கூடுதல் தாள் கேட்டிருந்தார்கள். அரைமார்க் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாள் கட்டும் நூலை எண்ணிக்கொண்டிருந்தார். குழந்தையை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது எண்ணுக்கு இரண்டே வரி. சமக்குறி போட்டாகிவிட்டது. கை தன்போக்கில் பேனாவை இறுக்கியது.

"குட்டிம்மா..." குரல் இப்போது இன்னும் மேலேயிருந்து, சரிவின் பக்கமாக வந்தது.

"அடி பட்டுச்சா?"

"இல்லக்கா. மணி கேட்டுச்சு. ஆனா அது எல்லாப் பக்கமும் கேட்டுச்சு."

குச்சி பேனாவை மூடினாள். பலகையில் பதினேழை அடித்தாள். இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றி, இருக்கிற உயரத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள். விடவில்லை, மறுபடி இழுத்தாள், மறுபடியும். அறையில் நாலு பெண்களும் ஒன்றாக முனகினார்கள். மேட்டில் குரல் நின்றது. அரைமார்க் வந்து குழந்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கல்லை நகர்த்தித் தாளை எடுத்தார். சமக்குறிக்குப் பிறகு இருந்த வெள்ளையை ஒரு கணம் பார்த்தபடி நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு இழுக்க வேண்டியிருந்தது.

குழந்தை மடியிலிருந்த இலைகளைக் கீழே கொட்டிவிட்டு வந்து கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டது. மணி மேலே போன வேகத்தில் கயிறு அதையும் சேர்த்துத் தூக்கியது. ஷூ இல்லாத கால் தரையை விட்டு எழும்பியது, இறங்கியது, குழந்தை சிரிக்கச் சிரிக்க மறுபடியும் எழும்பியது.