றொசல்லவுக்கு அடுத்த ஸ்டேசன்

பாய் காற்றைப் பிடித்ததும் வள்ளம் ஒரு பக்கமாகச் சரிந்தது. வேலாயி கண்களை இறுக மூடிக்கொண்டு பூரணியின் முழங்கையைப் பற்றினாள். அவள் விரல்கள் அழுத்திய இடம் வலித்தாலும் பூரணி கையை விலக்கவில்லை. அவளுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. இசபெல் மட்டும் முன்னால் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

மூவரும் தலவாக்கலைக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்துக்காரர்கள். பூரணியும் வேலாயியும் பதினைந்து வருடமாக அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறிப்பவர்கள். பிள்ளைக்காம்பராவில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் இசபெல். அவளுடைய தங்கை சிசிலி ஊர்காவற்துறையில் கன்னியர் மடத்துச் சமையலுக்குப் போய், அங்கேயே வள்ளக்காரர் சூசைரட்ணத்தைக் கட்டிக்கொண்டவள். வருசப்பிறப்பு லீவுக்கு வந்தால் தீவுகளையெல்லாம் சுற்றிக் காட்டச் சொல்கிறேன் என்று அவள் வருடா வருடம் எழுதுவாள். ஐம்பத்தேழாம் வருடம்தான் மூவருக்கும் ஒன்றாகத் துணிச்சல் வந்தது. கடலில் போய் எதைப் பறிக்கப் போகிறீர்கள் என்று பூரணியின் புருசன் வீரய்யா கேட்டுச் சிரித்தான். ஆனாலும் அட்டன் வரைக்கும் கூடவே வந்து ரயிலேற்றிவிட்டான்.

அனலைதீவு ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்து பின்னுக்குப் போனது. நயினாதீவில் இறங்கி அம்மனைக் கும்பிட்டார்கள். இசபெல்லும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே போனாள். மறுபடி வள்ளம் ஏறியபோது வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. அடிமணல் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிவாயிருந்தது. மேடு பள்ளம் ஒன்றுமில்லாமல் இவ்வளவு பெரிய இடம் உலகத்தில் இருக்கும் என்று பூரணி நினைத்ததில்லை. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். முதுகில் கூடை இல்லாதது அப்போதுதான் உறைத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நெடுந்தீவுக்குப் பாதி வழியில் ரோந்துப் படகு வந்தது. சாம்பல் நிறப் படகில் ஓர் அதிகாரியும் இளம் சிப்பாய் ஒருவனும் இருந்தார்கள். சூசைரட்ணம் பாயை இறக்கினார். இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாக வருகிறவர்களைத் தேடுகிறார்கள் என்று மெல்லச் சொன்னார். கள்ளத்தோணி என்ற சொல்லை மூவரும் அறிவார்கள். கடலையே பார்த்திராத அவர்களைப் பார்த்து டவுன் பஸ்ஸில் யாராவது அதை வீசிவிட்டுப் போவதுண்டு.

அதிகாரி அரைகுறைத் தமிழில் ஊரைக் கேட்டார். இசபெல் பதில் சொன்னதும் அவர் முகம் மாறியது. இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லையே என்றார். பத்திரம் கேட்டார். இசபெல்லின் பிரஜாவுரிமை மனுவை, அவள் அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லையென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். பூரணியின் மனுவுக்குப் பதிலே வரவில்லை. வேலாயி எழுதிப் போடவேயில்லை. மரக்கறிக்காரர்களிடம் பேசிப் பழகிய சிங்களத்தில், மூவரும் தலவாக்கலைத் தோட்டத்து ஆட்கள் என்று பூரணி சொல்லிப் பார்த்தாள்.

இளம் சிப்பாய் குனிந்து அவளைப் பார்த்தான். தன் வீடும் அந்த மலை ரயில் பாதையில்தான், வட்டவளையில் என்றான். தலவாக்கலை என்று யாரும் சொல்லலாம், மேலே போகும்போது றொசல்லவுக்கு அடுத்த ஸ்டேசன் எது என்று கேட்டான்.

பூரணி எத்தனையோ தடவை போன பாதை, ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. வேலாயிக்குச் சிங்களம் தெரியாது. றொசல்ல, ஸ்டேசன் என்ற இரண்டு சொல் மட்டும் அவள் காதில் விழுந்திருந்தது. மறுபடி வள்ளம் ஏறியதிலிருந்து மூடியே இருந்த கண்களைத் திறந்தாள்.

"அட்டன். அதத் தாண்டுனா சிங்கமலச் சொரங்கம் வரும். சன்னல சாத்தாட்டி மூஞ்செல்லாம் கரி."

பூரணி அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள், சிப்பாய் சிரித்துக்கொண்டே தன் முகத்தைத் துடைத்துக் காட்டினான். அதிகாரியிடம் ஏதோ சொன்னான். அவர் மூவரையும் இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கையசைத்தார். படகு போய்விட்டது. அது கிளப்பிய அலையில் வள்ளம் வெகுநேரம் ஆடியது.

திருப்பவா என்று சூசைரட்ணம் கேட்டார். இசபெல் ரோந்துப் படகு போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாமளும் அந்த மலையிலதான் பொறந்தோம். அவன யாரு பத்திரம் கேக்குறா, சொல்லுங்கக்கா."

வேலாயி ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, சம்பலை நடுவில் வைத்து அவள் மடியில் ஒன்று போட்டாள்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டுத் திரும்புறதா? தின்னு புள்ள. நீங்க பாய ஏத்துங்க தம்பி."

காற்று நன்றாக வீசியது. மூவரும் ரொட்டியைத் தின்று முடித்தார்கள். அப்புறம் பூரணி, தனக்கு அட்டன் மறந்துபோனதை வீரய்யாவிடம் சொல்லக்கூடாது என்று இருவரிடமும் சத்தியம் கேட்டாள். அந்த ஊரில்தானே ரயிலேற்றிவிட்டார் என்று இசபெல் சொன்னதும் மூவருக்கும் சிரிப்பு வந்தது. இசபெல் சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சாயங்கால வெயிலில் நெடுந்தீவுக் கரையில் இறங்கினார்கள். முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார்கள். மணல் மேட்டுக்கு அப்பால் கட்டையான குதிரைகள் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. அவர்கள் தோட்டத்தில் குதிரை என்றால் துரை ஏறி வருவது ஒன்றுதான்.

"இதெல்லாம் யாரோட குதிரைங்க?" என்று பூரணி கேட்டாள்.

"ஒருத்தற்றையும் இல்லை. இஞ்சையே பிறந்து இஞ்சையே நிக்குதுகள்" என்றார் சூசைரட்ணம், கயிற்றை இழுத்துக் கட்டியபடி.

பழுப்புக் குதிரை ஒன்று தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தது. கடற்காற்று அதன் பிடரியைக் கலைத்தது. பிறகு அது மெதுவாக நடந்து வந்து, அவர்களுக்குப் பத்தடி தள்ளி நின்று, மறுபடி புல்லில் வாய் வைத்தது.