கருப்பையாவுக்கு நேர்ந்த முடி

“தம்பிக்கு ஏன் புள்ள இன்னும் முடி எறக்கலை?”

பூரணி அத்தை இதை என்னிடம்தான் கேட்டாள். நான் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தம்பி சின்னராசாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னிய சடையைப் பிரித்து மறுபடியும் பின்னினேன். உள்ளேயிருந்து அம்மாதான் பதில் சொன்னாள்.

“அது தொறையூரு கருப்பையாவுக்கு நேர்ந்த முடி பூரணி. அங்க போயித்தான் எறக்கணும்.”

அத்தை கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

“அண்ணி, அடுத்த கிழமை நுவரெலியாவுல விசாரண. புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்கான். இந்தச் சடையோடயா போகப் போறீங்க?”

எங்களுக்குப் பிரஜாவுரிமை கேட்டு மனு எழுதியது அத்தைதான். அவளும் அம்மாவைப் போலக் கொழுந்து பறிக்கிறவள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசியாக இருந்த தொங்கல் காம்பராவில் தனியாக இருந்தாள். முதல் தேர்தலில் அவள் வோட்டுப் போட்டிருக்கிறாள். அடுத்த தேர்தலுக்கும் விடியக்காலையிலேயே தலை முழுகி, நல்ல சேலை கட்டிப் போனாளாம். இடையில் வந்த சட்டத்தில் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போய்விட்டது; உன் பெயர் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருந்ததில்லை. ராகலைப் பக்கத்துத் தோட்டமெல்லாம் நடந்து போய், யாருக்குப் பிறப்புச் சாட்சி வேண்டும், யார் எந்த வருஷம் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று கேட்டு மனு எழுதுவாள். கங்காணி அவளை ‘வோட்டுப் பூரணி’ என்றுதான் கூப்பிடுவார். அவளுடைய சொந்த மனு ஏற்கனவே தள்ளுபடியாகிவிட்டது. தோட்டத்திலிருந்து வேலை நீக்கப் பற்றுச்சீட்டுக் கொடுத்து விரட்டப்பட்ட ஒரு வருஷம் வட்டவளையில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். அந்த வருஷம் இந்த நாட்டில்தான் இருந்தாள் என்பதற்குச் சாட்சி இல்லை.

அப்பா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். “முடிக்கும் பிரஜாவுரிமைக்கும் என்னா பூரணி?”

“அண்ணே, அவன் கேக்கறது ஒண்ணுதான். நீ இங்கயே இருப்பியா, அங்க போவியான்னு. இந்தியாவுல போயி எறக்கப் போற முடியத் தலையில வச்சுக்கிட்டு, நாங்க இங்கயேதான் இருப்போம்னு எப்பிடிச் சொல்லுவீங்க?”

அப்பா தம்பியின் சடையைப் பார்த்தார். அவர் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். குலசாமி இருக்கும் துறையூரை அவர் கண்டதில்லை. தம்பிக்கு முந்திப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவனாவது தங்கட்டும் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். நேர்ந்தாளே தவிர, போக முடியவில்லை. போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று பயம். அதனால்தான் தம்பியின் முடி இடுப்புவரை வளர்ந்துவிட்டது. லயத்துப் பிள்ளைகள் அவனைச் ‘சடச்சி’ என்று கூப்பிட்டார்கள். அவனும் ‘என்னா?’ என்று திரும்புவான்.

“நம்ம தோட்டத்து முனியாண்டி கோயில்ல எறக்கிருங்க” என்றாள் அத்தை.

“சாமிய ஏமாத்தச் சொல்றியா?” அம்மா வெளியே வந்து நின்றாள். “வோட்டு வந்தா மட்டும் என்னா வந்துரும்?”

“மனுசன் வருவான் அண்ணி. கேக்கவாச்சும் வருவான். இப்ப இந்த லயம் ஒழுகுது, எவன் வர்றான்? நம்ம புள்ள செத்தாலும் பொறந்தாலும் எவன் வர்றான்?”

அன்று அம்மா சோறு உண்ணவில்லை. இரண்டு நாள் கழித்து அத்தை மறுபடி வந்தாள். இந்த முறை மடியில் ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்திருந்தாள்.

“எறக்கற முடிய ஆத்துல விட வேணாம். இதுல முடிஞ்சு வைங்க. காலம் வரும்போது கருப்பையாவுக்குச் சேத்துக்கலாம். அவரு வாங்க மாட்டேன்னா சொல்லப் போறாரு?”

அந்தத் துணியைப் பார்த்துத்தான் அம்மா சம்மதித்தாள்.

வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயில் மரத்தடியில் அம்பட்டர் சிவசாமி கத்தியைத் தீட்டினார். தம்பியின் தலையைத் திருப்பிப் பார்த்து, “இது தலையா, கவ்வாத்து வெட்டாத தேயில மலையா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள், ஒரு மயிரும் மண்ணில் விழக்கூடாது என்று. நான் எண்ணெய் தடவி வளர்த்த முடி. அத்தைதான் அதை மஞ்சள் துணியில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டாள். அம்மா அதைச் சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

விசாரணை நாளில் முதல் பஸ்ஸில் போனோம். பஸ்ஸிலும் அத்தை பாடம் நடத்திக்கொண்டே வந்தாள்.

“இந்தியாவுக்குப் போவியான்னு கேட்டா?”

“போகமாட்டோமுங்க.”

“அங்க காணி பூமி இருக்கா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“ஆங். கேட்டதுக்கு மட்டும் பதில். அண்ணே, வெத்திலையத் துப்பிருங்க.”

விசாரணை நடந்த கந்தோருக்குள் அவளை விடவில்லை. வெளியே வாங்குப் பலகையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே இருந்த ஐயா சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். கடுமையான ஆளில்லை. அப்பா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். அம்மாவும் சொன்னாள். கடைசியில் ஐயா தம்பியைப் பார்த்துச் சிரித்தார். தம்பியும் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

“எந்தக் கோயில்ல மொட்டை போட்டீங்கன்னு ஐயா கேக்கறாரு.”

இது பாடத்தில் இல்லாத கேள்வி. ஆனால் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “நம்ம தோட்டத்து முனியாண்டி கோயில்லங்க.”

“முடிய என்ன செஞ்சீங்க?”

அம்மா இடுப்பிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தாள். அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். அவருக்கே தெரியாது. அடுத்த காம்பராவில் மீனம்மாவுக்குப் பிள்ளை பிறந்து தீட்டாக இருந்தது. விளக்கேற்ற ஆளில்லாத வீட்டில், தீட்டுக்குப் பக்கத்தில், சாமிக்கு உரியதை எப்படி விட்டுவிட்டு வருவது? கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

“இத எங்க குடுப்பீங்க?”

“கருப்பையா கோயில்லங்க.”

“அது எங்க இருக்கு?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். சாமி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“தொறையூருங்க.”

“யாரு கொண்டு போவாங்க?”

“பெத்தவதாங்க கொண்டு போகணும்.”

ஐயா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் அத்தை எழுந்து ஓடிவந்தாள். அப்பா சொல்லச் சொல்ல அவள் அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

“அத எதுக்கு அண்ணி கொண்டாந்தீங்க?”

“நீதான பூரணி முடிஞ்சு குடுத்த?” என்றாள் அம்மா. குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

தம்பியின் தலையில் முடி விரலளவு வளர்ந்த பிறகு கடிதம் வந்தது. நிரந்தரமாக இந்நாட்டில் தங்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று அத்தை வாசித்தாள். வாசித்துவிட்டு அவள் ஓயவில்லை. மறு ஞாயிறே அப்பீல் காகிதம் எழுதிக்கொண்டு மழையில் வந்தாள்.

“கொழும்புக் கோர்ட்டுக்குப் போகலாம் அண்ணே. முடிய ஆத்துல விட்டாச்சு, இனிமே போற எண்ணமில்லன்னு அண்ணி சத்தியக் கடதாசி குடுக்கணும். பொய்ச் சத்தியம் வேணாம். நெசமாவே விட்டுருவோம்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து உள்ளே போனாள். விளக்குப் பக்கத்திலிருந்து முடிச்சை எடுத்துவந்து அத்தையின் கையில் வைத்தாள்.

“எம் புள்ள முடி. என் கையால முடியாது. நீ விட்டுட்டு வா. நான் கைநாட்டு வைக்கிறேன்.”

அத்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு, லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுக்கு இறங்கினாள். நான் இஸ்தோப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்கு ஆறு சிவப்பாகப் பெருகி ஓடியது. கல்லின்மேல் நின்று அத்தை கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. குடை சரிந்து அவள் தலை நனைந்தது. தம்பி என் பக்கத்தில் வந்து, “அத்த என்னா செய்யுது?” என்று கேட்டான். நான் அவன் தலையைத் தடவினேன்.

அவள் கையை மடக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய், முடிச்சை இருந்த இடத்திலேயே வைத்து, அணைந்து கிடந்த விளக்கை ஏற்றினாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “அப்ப அப்பீலு?” என்று அப்பா கேட்டார்.

அத்தை கைநாட்டு வைக்காத காகிதத்தை மடித்து மாராப்புக்குள் செருகிக்கொண்டாள். நனைந்த குடையை எடுத்தாள். மழையில் இறங்கிப் போனாள்.