ராபர்ட் காப்பாற்றிய கொடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நிஜம் ஒரு பெயிண்ட் வாளி மட்டும்தான். 2008 ஐப்பசியில், சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில், என் பக்கத்து சீட்டுக்காரர் அதை மடியில் வைத்திருந்தார். உள்ளே ஒரு கொடி.

"ஆடுதீண்டாப்பாளை சார். கீரப்பாளையத்துல மாமனார் வூட்டு வேலியில தோண்டுனேன். எங்க வூட்டுக்காரம்மா குவைத்துலேர்ந்து கேட்டாங்க."

ஆலப்பாக்கம் தாண்டியதும் தூங்கிவிட்டார். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

'மாலை மயங்கும் வேளையில் வண்ணச் சிறகுகள்…' (சீ! பட்டாம்பூச்சி என்றாலே கை கவிதைக்கு ஓடுகிறது. அடித்துவிட்டேன்.)

மறுபடி. ராபர்ட் கடலூர் பழைய டவுனில் எலக்ட்ரீஷியன். (பஸ்ஸில் 'அவர்', இங்கே 'அவன்'. கதைக்குள் வந்தால் மரியாதை போய்விடுகிறது.) மனைவி பிரிசில்லா குவைத்தில் நர்ஸ். போய் நாலு வருஷம். ஈஸ்டரோடு ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடுவதா, ஊருக்குத் திரும்புவதா? 'வந்துடு' என்று அவன் சொல்லவில்லை. 'வந்துடட்டுமா' என்று அவள் கேட்கவில்லை. போனில் இருவரும் பட்டாம்பூச்சியைப் பற்றித்தான் பேசினார்கள்.

அவள் பிறந்த வீட்டு வேலியில் பார்த்த பூச்சி. கறுப்பு இறக்கை, அதில் வெள்ளைப் பட்டை, கீழ் இறக்கை ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள். உடம்பு மிளகாய்ப்பழச் சிவப்பு. இட்லிப்பூவில் தேன் குடிக்கும். குருவிகள் தொடாது என்கிற தைரியத்தில் மெதுவாகப் பறக்கும். சாயங்காலமானால் ஒரே குச்சியில் கூட்டமாகத் தூங்கும். முட்டையிட மட்டும் இந்தக் கொடிதான் வேண்டும்.*

* ஆடு தீண்டாததைத் தின்பது யார் என்று ராபர்ட் யோசித்திருக்கலாம். அவனைச் சொல்வானேன், எனக்கே அடுத்த பகுதியில்தான் உறைத்தது.

3

மழையில் கொடி மளமளவென்று சுவரேறியது. ஒருநாள் காலை இலையெல்லாம் ஓட்டை. கருஞ்சிவப்பில், முதுகெல்லாம் முள்முள்ளாகப் புழுக்கள். ராபர்ட்டுக்குப் பகீரென்றது. அன்றிலிருந்து பல் தேய்க்கும் முன்னே இலை இலையாகப் புரட்டிப் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போட்டான்.

"பூச்சி வந்துச்சாங்க?"

"இன்னும் வரல பிரிசி. ஆனா கொடி ஜோரா இருக்குது. புழு ஜாஸ்தி, நான் வுடுவேனா? தெனம் பொறுக்கிப் போட்டுர்றேன்."

"என்னா புழு?"

"கருஞ்செவப்பு. முள்ளு முள்ளா."

"அடப்பாவி மனுசா! அதாங்க பூச்சி!"

சிரித்தாள் என்று எழுதினேன். அடித்துவிட்டு, அழுதாள் என்று எழுதினேன். இரண்டும் இருக்கட்டும். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள்.

"நாலு வருஷமா எல்லாத்தையும் நல்லாத்தாங்க பாத்துக்கிறீங்க. ஒண்ணும் கடிக்காம. ஒண்ணும் வராம."

4

முதல் முடிவு: ஈஸ்டருக்குப் பூச்சியும் வருகிறது, அவளும் வருகி… (காலண்டர் படம். வேண்டாம்.)

இரண்டாவது: அவள் கையெழுத்துப் போடுகிறாள். கொடியை அவன்… (எனக்கு மனசு வரவில்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் போன் பண்ணுகிற அடுத்த லீவு நாள். ராபர்ட் வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தப்பிய நாலு புழுக்கள் கொடியைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கை அரிக்கிறது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டிருக்கிறான். போன் அடிக்கிறது.

"சாப்டீங்களா?"

"நாலு இருக்குது பிரிசி. கொடிய மொட்டையடிச்சிடும் போல. தின்னட்டும்னு வுட்டுட்டேன்."

"ம்."

"பிரிசி, நீ…"

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நாலு வருஷமாக அவன் வாயில் வராததை நான் எழுதினால் அது என் சொல்லாகிவிடும். உங்களுக்கும் தூரத்தில் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வீர்களோ, அதையே அவன் வாயில் வையுங்கள்.

சீக்கிரம். அவள் போன் கார்டில் காசு தீரப்போகிறது.