எழுபத்தொரு வயது, முழங்கால் வலி

மடிக்கணினியில் அவள் தன் மென்பொருளின் மூன்றாவது பக்கத்தைத் திறந்ததுமே மருத்துவமனை நிர்வாகி கையை உயர்த்தினார்.

"இத ஏற்கெனவே பாத்தாச்சும்மா. உங்க கட்டடத்துல நாலாவது மாடிக்காரர் போன வாரம் வந்து காட்டினார். அவர்கிட்ட கத்துக்கிட்டீங்களா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இணையம் அறுந்தாலும் நோயாளிகளின் வரிசை குலையாமல் காக்கும் அந்த வழியைக் கண்டுபிடிக்க, அவளுக்கும் அவளிடம் வேலைபார்க்கும் இருவருக்கும் பதினோரு மாதம் பிடித்தது. நாலாவது மாடிக்காரர் கொடுத்துவிட்டுப் போன தாளை நிர்வாகி அவள் பக்கம் திருப்பினார். மாதிரி நோயாளி: வயது எழுபத்தொன்று, வலது முழங்கால் வலி, காது மந்தம், சத்தமாகக் கூப்பிடவும். மாதிரிக்கென்று அவள் எழுதிவைத்த அவளுடைய அம்மா. அதைக்கூட மாற்றவில்லை நாலாவது மாடிக்காரர்.

அந்தக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு சின்ன மென்பொருள் நிறுவனங்கள். ஆளாளுக்குத் தனியாக மண்டையை உடைத்துக்கொள்வானேன் என்று புதன்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கியதே அவள்தான். தெரிந்ததைச் சொல்வது, தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பது. அவளும் அங்கே எவ்வளவோ கற்றிருக்கிறாள். நாலாவது மாடிக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் முழுக்க அவளுடைய சர்வரைப் பார்த்துக்கொண்டவர் அவர். போன மாதம் அவள் பலகையில் படம் போட்டு விளக்கியபோது, "கடைசிப் பகுதிய இன்னொரு தடவ சொல்லும்மா," என்றார். இவ்வளவு அக்கறையா என்று மகிழ்ந்துபோய் கோப்பு முழுவதையும் அனுப்பிவைத்தாள். அந்த மகிழ்ச்சியை நினைக்கத்தான் இப்போது கூசியது.

திரும்பியதும் நேராக நாலாவது மாடிக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அது எங்கம்மாண்ணே." என்னென்னவோ கேட்க நினைத்திருந்தாள், அதுதான் வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பகிர்ந்துக்கத்தானேம்மா கூடுறோம்? அந்த ஆஸ்பத்திரிக்கு நீ போவேன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும்ணே. நான்தான் உங்ககிட்ட சொன்னேன்."

துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அம்மாவுக்கு முழங்கால் இப்ப தேவலையா?" என்றார்.

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

புதன்கிழமை கூட்டத்தில் பேச வேண்டிய முறை அவளுடையது. காலையில் அவள் கட்டடத்துக்குள் நுழைந்தபோது லிஃப்டில் அவர் மட்டும் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் கதவு மூடாதபடி ஒரு காலை வெளியே நீட்டினார்.

"வாம்மா."

அவள் நகரவில்லை. கதவு வந்து அவர் செருப்பில் இடித்து விலகியது. மறுபடி வந்து இடித்தது.