ஏழாவது முகடு

செடியின் தண்டில், வரப்புபோல நீளவாக்கில், ஏழு முகடுகள் இருந்தன. பெரியவர் ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் நுனியை வைத்து நான்கு முறை எண்ணிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்த கை அது, எண்ணிக்கையில் தடுமாறாது. ஏழுதான்.

அவருடைய அப்பா எழுதி வைத்ததோ ஆறு.

ஒரு சாண் உயரத்தில், தூண்போல நிமிர்ந்து நிற்கும் சின்னக் கள்ளி. தாவரத் தோட்டத்தில் எழுத்தராக இருந்த அப்பா, பட்டம் வாங்காத மனிதர், பாறை இடுக்கில் இதைக் கண்டெடுத்தார். இதுபோன்ற கள்ளிகளுக்கெல்லாம் முகடு ஏழு, இதற்கு மட்டும் ஆறு என்று காட்டி, தனி இனம் என்று தோட்டத்து ஏட்டில் ஏறவைத்தார். இனத்தின் பெயரில் அவர் பெயரும் சேர்ந்தது. உலர்த்தி வைத்த மாதிரியைப் பூச்சி தின்றுவிட்டதால், மிஞ்சிய ஒரே சாட்சி இந்தத் தொட்டிச் செடிதான். இதைப் புதுக் கண்ணாடிக் கூடத்தில் அப்பாவின் பெயர்ப்பலகையோடு வைப்பதற்காக, தோட்டத்து ஆய்வாளர் அம்மா வியாழக்கிழமை வருவதாக இருந்தது.

இத்தனை காலம் பெரியவர் எண்ணிப் பார்த்ததில்லை. அப்பா எண்ணியதை மகன் திரும்ப எண்ணுவது அந்த வீட்டில் மரியாதைக் குறைவு. இப்போது எண்ணவைத்தவன் மச்சான், மனைவியின் தம்பி. வீட்டுக்கு வெள்ளையடித்த இரண்டு மாதமும் செடி அவனுடைய நாற்றுப்பண்ணையில் இருந்தது. திரும்பி வந்தபோது அடித்தண்டை மூடி வெள்ளைக் கூழாங்கல் குவிந்திருந்தது. கேட்காமல் எதற்குக் கல்? அபூர்வச் செடிக்கு அலைகிறவர்கள் அந்தப் பண்ணைக்குத்தானே வருகிறார்கள்?

மச்சானை வரவழைத்தார்.

"என்ன அத்தான், செடி இளைச்சிருச்சா?"

"ஆறு முகடு ஏழாயிருக்கு. எங்கப்பா செடி எங்கடா?"

"ஒண்ணு கூடத்தானே இருக்கு? குறைஞ்சிருந்தா கேளுங்க!" என்று சிரித்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான். "நான் மாத்திட்டேன்னு சொல்றீங்களா?"

"கல்லை எதுக்குப் போட்டே?"

"தண்ணி தேங்கி அடி அழுகக் கூடாதுன்னு."

"எதையோ மறைக்கன்னும் போடலாம்."

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். "முளைக்காத விதையைத் தெரியாம வித்துட்டு வீடு தேடிப் போய் மாத்திக் குடுத்தவன் அவன். அவனையா திருடன்ங்கறீங்க?" அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்று நாள் தட்டு வந்தது, சொல் வரவில்லை. பெரியவரும் வளையவில்லை. அப்பாவின் பெயரா, மச்சானின் ரோஷமா என்றால் அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. தொட்டியைத் தன் அறையிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆய்வாளர் அம்மா உருப்பெருக்கியோடு வந்து உட்கார்ந்தார். கூப்பிடாமலே வந்த மச்சான் வாசற்படியில் நின்றான். பெரியவர் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சின்னத் தூரிகையால் மண்ணைத் தள்ளினார். தக்கைபோலப் பழுப்பேறிய அடித்தண்டில் ஒரு செப்புக் கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. அதில் தொங்கிய தகட்டில் நாற்பத்தொன்று, தோட்டத்து ஏட்டில் இந்தச் செடிக்கு இட்ட எண்.

எழுத்து அப்பாவுடையது.

"இந்தக் கம்பி இப்படிப் பதிய பல வருஷம் ஆகும். செடி மாறலை சார்," என்றார் அந்த அம்மா. "கம்பிக்கு மேல எண்ணுங்க."

ஆறு. இரண்டு விரற்கடை மேலே போனதும் ஒரு முகடு நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிரிந்தது. அங்கிருந்து ஏழு.

"தண்டு பருக்கப் பருக்க முகடு கூடும். உங்கப்பா பார்த்தப்போ இளஞ்செடி. அவர் தப்பா எண்ணலை." அந்த அம்மா தூரிகையைக் கீழே வைத்தார். "ஆனா..."

மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வளர்ந்தால் ஏழு என்றால் இது தனி இனம் இல்லை. அப்பா கண்டெடுத்தது எங்கும் கிடைக்கும் கள்ளியின் குட்டி. ஏட்டிலிருந்து அப்பாவின் பெயர் போய்விடும்.

வாசற்படியிலிருந்து மச்சான் மெதுவாகச் சொன்னான்: "அத்தான், நான் மாத்திட்டேன்னே எழுதிக் குடுத்துடுங்க. கம்பியையும் பழசிலிருந்து கழட்டி மாட்டினதா இருக்கட்டும். அசல் தொலைஞ்சதுன்னா உங்கப்பா பேரு நிக்கும். எனக்கென்ன, மூணு நாளா திருடன்தானே."

ஆய்வாளர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

"எங்கப்பா பேரு நிக்க உன் பேரை மிதிக்கணுமா?" பெரியவர் தகட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "அப்படி நிக்கற பேரு எங்க வீட்டுக்கு வேண்டாம். வாசல்லயே நிக்காதே, உள்ள வா."

அப்பாவின் குறிப்பேட்டை எடுத்துவந்தார். 'முகடுகள்: ஆறு' என்ற வரிக்குக் கீழே தேதியிட்டு, 'வளர்ந்தபின் ஏழு. தனி இனம் அன்று. எண்ணியவன் மகன்' என்று எழுதினார்.

கதவோரம் நின்ற மனைவி மூன்று நாளில் முதன்முறையாக வாயைத் திறந்தாள். "எதுக்காக எண்ணினீங்கன்னும் எழுதுங்க."

பெரியவர் நிமிர்ந்து அவளை முறைத்தார். பிறகு குனிந்தார். 'மச்சான்மீது சந்தேகப்பட்டு எண்ணியது. சந்தேகம் பிழை.' கையெழுத்துப் போட்டு, குறிப்பேட்டை ஆய்வாளரிடம் நீட்டினார்.